கம்பியில்லாத் தொலைபேசியும் பதிலுரைக்கும் பெட்டியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டிய தியாகதுருகத்தில், கைப்பேசி இல்லாத ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டிய இந்நாளிலும், மண்டிகளிலும் அரிசி ஆலைகளிலும் மலைக்கோட்டை அடிவாரத்துப் பழைய வீடுகள் சிலவற்றிலும், 04151 என்று தொடங்கும் தரைவழித் தொலைபேசி முற்றிலும் மௌனமாகிவிடவில்லை. அந்த இணைப்பில் கார்ட்லெஸ் போனையும் அதனுடன் சேர்ந்து வரும் ஆன்சரிங் மெஷினையும் பொருத்துவோரிடையே சில அபிப்பிராயங்கள் வேரூன்றியிருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலானவை ஒரே மறதியிலிருந்து பிறந்தவை என்பது விளங்கும்: கம்பி நம் கையிலிருந்து மறைந்ததேயன்றி வீட்டிலிருந்து மறைந்துவிடவில்லை.

நம்பிக்கை: தரைவழி போன் கரண்ட் இல்லாமலே வேலை செய்யும், ஆகவே கார்ட்லெஸும் செய்யும்.

உண்மை: பழைய செப்புக் கம்பி இணைப்பில், தொலைபேசி நிலையத்திலுள்ள பாட்டரிகளே சுமார் 48 வோல்ட் மின்சாரத்தை நம் வீடு வரை அனுப்பிக்கொண்டிருப்பதால், ஊர் முழுவதும் இருண்டாலும் சாதாரண போன் மணியடிக்கும். ஆனால் கார்ட்லெஸின் பேஸ் எனப்படும் அடிப்பெட்டி, வானொலி அலையை எழுப்ப வேண்டியிருப்பதால், வீட்டுப் பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தையே நம்பி நிற்கிறது. அது நின்ற கணமே கையிலுள்ள ரிசீவரும், அதில் சார்ஜ் நிறைய இருந்தபோதிலும், பிரயோஜனமற்றதாகிவிடும். அதே கம்பியில் ஒரு சாதாரண போனையும் இணைத்து வைப்பதே இதற்குப் பரிகாரம். ஃபைபர் இணைப்புக்கு மாறியவர்களுக்கு இந்தப் பரிகாரமும் போதாது. கண்ணாடி இழை மின்சாரத்தைச் சுமந்து வருவதில்லையாதலால், மோடத்துக்கும் பேஸுக்கும் யூபிஎஸ் வைத்தாக வேண்டும்.

நம்பிக்கை: ரிசீவரை எடுத்துக்கொண்டு பம்புசெட் வரை போகலாம்.

உண்மை: முளையில் கட்டிய பசு கயிற்றின் நீளத்துக்கே மேய்வது போல, ரிசீவரும் பேஸின் எல்லைக்குள்தான் உலவும். டெக்ட் (DECT) என்னும் டிஜிட்டல் வானொலி முறையில் இயங்கும் கார்ட்லெஸ் கருவிகள் கட்டடத்துக்குள் ஏறக்குறைய 50 மீட்டரும், தடையற்ற வெளியில் 300 மீட்டரும் எட்டும் என்பது பொதுக் கணக்கு. கருங்கல் சுவரும், கான்கிரீட் தளமும், இரும்பு பீரோவும் குறுக்கிட்டால் அது மேலும் சுருங்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் இதே டெக்ட் முறையைக் கொண்டு 10 கிலோமீட்டர் தூரத்துக் கிராமங்களுக்கும் தொலைபேசி வழங்கியது உண்மையே. ஆனால் அங்கே உயர்ந்த கோபுரமும், அதை நேர்முகமாக நோக்கி வீட்டின் மேல் பொருத்திய ஆன்டெனாவும் இருந்தன. நம் கூடத்து அலமாரியில் அவை இல்லை. பேஸை வீட்டின் நடுவில், உயரத்தில், டி.வி.யையும் பீரோவையும் விட்டு விலக்கி வைப்பதே நாம் செய்யக்கூடியது.

நம்பிக்கை: பக்கத்து வீட்டார் நம் பேச்சை ஒட்டுக்கேட்டுவிடுவார்கள்.

உண்மை: 46, 49 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்கிய பழைய கருவிகளைப் பொறுத்தவரை இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது; சாதாரண ஸ்கேனர் ரேடியோவே அப்பேச்சைப் பிடித்துவிடும். பின்னர் வந்த டெக்ட் கருவிகள் குரலை எண்களாக மாற்றி அனுப்புவதோடு சங்கேதமாக்கவும் வல்லவை. எனினும் எல்லாக் கருவிகளும் அதைச் செய்யவில்லை என்பதை, 2008 டிசம்பரில் பெர்லினில் கூடிய கணினி ஆர்வலர் மாநாட்டில், கணினியில் செருகும் விலை மலிவான ஓர் அட்டையைக் கொண்டே சிலர் நிரூபித்துக் காட்டினர். அக்கம்பக்கத்தாருக்கு அஞ்ச வேண்டியதில்லை. வங்கி ரகசிய எண்ணை மட்டும் கார்ட்லெஸில் உச்சரிக்காதிருப்பது விவேகம்.

நம்பிக்கை: பாட்டரி முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜில் வைக்க வேண்டும்.

உண்மை: இது நிக்கல்-காட்மியம் பாட்டரிக் காலத்து உபதேசம். இப்போது பெரும்பாலும் வழங்கும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பாட்டரிக்கு அந்த விரதம் அவசியமில்லை. பேசி முடித்ததும் ரிசீவரைத் தாராளமாக அதன் இருப்பிடத்தில் வைக்கலாம். முதல் தடவை மட்டும் கையேடு குறிப்பிடும் நேரம் முழுவதும் சார்ஜ் ஏற்ற வேண்டும். 1.2 வோல்ட் ரீசார்ஜ் பாட்டரி கெட்டுப்போனால், கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று சாதாரண டார்ச் பாட்டரியைச் செருகுவது அபாயம். சார்ஜ் ஏற ஏற அது கசியும், வெடிக்கவும் கூடும்.

நம்பிக்கை: மெஷின் எடுத்தால் கூப்பிட்டவருக்குக் காசு போகாது.

உண்மை: மனிதர் எடுத்தாலும் மெஷின் எடுத்தாலும் தொலைபேசி நிலையத்துக்கு அது எடுக்கப்பட்ட அழைப்பே. இங்கேதான் நம் நாட்டு மிஸ்டு கால் யுக்தி அகப்பட்டுக்கொள்கிறது. கரும்பு லோடு கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததும் மூன்று மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவது என்று லாரிக்காரரும் மண்டிக்காரரும் பேசி வைத்திருக்கும்போது, டோல் சேவர் என்னும் ஏற்பாட்டில் விடப்பட்ட மெஷின், புதிய செய்தி ஏதேனும் காத்திருந்தால், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடும். சமிக்ஞையும் கெட்டது, காசும் போயிற்று. எத்தனையாவது மணியில் எடுக்க வேண்டுமென்று, ஐந்து அல்லது ஆறு என, நாமே நிர்ணயித்துவிடுவது நல்லது.

நம்பிக்கை: கரண்ட் போனால் பதிவான செய்திகள் அழிந்துவிடும்.

உண்மை: 1898இல் டென்மார்க்கின் வால்டெமார் பௌல்சன் எஃகுக் கம்பியில் குரலைக் காந்தமாகப் பதித்தபோதே, மின்சாரமின்றியும் நிலைத்திருக்கும் பதிவு சாத்தியமாகிவிட்டது. இடையில் வந்த சில டிஜிட்டல் மெஷின்கள், 9 வோல்ட் பாட்டரித் துணையில்லாவிட்டால், மின்வெட்டில் நினைவிழந்தன; நம்பிக்கை அங்கிருந்து வந்திருக்கலாம். ஃபிளாஷ் நினைவகமுள்ள கருவிகளில் செய்தி அழிவதில்லை. பலவற்றில் கடிகாரம்தான் தவறிப்போகும். அதைச் சரிசெய்யாவிட்டால், காலையில் வந்த செய்தி நள்ளிரவில் வந்ததாகக் கருவி அறிவிக்கும்.

நம்பிக்கை: இடி இடிக்கும்போது போனைத் தொடக்கூடாது.

உண்மை: கல்வராயன் மலைப்பக்கமிருந்து கோடை இடிமழை இறங்கும் பிரதேசத்தில் இதைக் கைவிடச் சொல்வதற்கில்லை. கம்பியோடு பிணைந்த போனைப் பொறுத்தவரை இது சரியான எச்சரிக்கையே. கார்ட்லெஸ் ரிசீவருக்குக் கம்பித் தொடர்பு இல்லாததால் பேசுபவருக்கு, மின்னல் கம்பி வழியே வந்து தாக்கும் அந்த அபாயம் இல்லை. ஆனால் பேஸுக்கு மின்கம்பி, போன் கம்பி என இரண்டு வாசல்கள் இருப்பதால், இடிமழைக்கு முன்பே இரண்டையும் கழற்றிவிட வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றுவது அரைக் காவல்.

எஞ்சியிருப்பது வரவேற்புரை. “நாங்கள் வெளியூர் போயிருக்கிறோம்” என்று பதிவு செய்வது, பூட்டிய வீட்டைத் திருடனுக்கு விளம்பரம் செய்வதாகும். “இப்போது போனை எடுக்க இயலவில்லை; ஒலி கேட்டபின் உங்கள் பெயர், ஊர், விஷயம் மூன்றையும் சொல்லுங்கள்” என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் சொந்தக் குரலில் நிதானமாகச் சொன்னால், மெஷினைக் கண்டு கூசி வைத்துவிடும் உறவினர்களிலும் பலர் தயங்காமல் பேசுவார்கள். வெளியிலிருந்தே செய்திகளைக் கேட்க உதவும் ரகசிய எண்ணைத் தொழிற்சாலை வைத்தபடியே விட்டுவிடாமல், பொருத்திய அன்றே மாற்றிவிட வேண்டும். இல்லையேல் அச்செய்திகளை நமக்கு முன் வேறொருவர் கேட்டுவிடக்கூடும்.