விலை கூடிய பிளக் வலிமையைக் கூட்டுமா?

மோட்டார் சைக்கிளில் விலை உயர்ந்த இரிடியம் பிளக்கைப் பூட்டினால் எஞ்சின் வலிமை பெருகும் என்பர் சிலர். வலிமையைத் தருவது எரியும் பெட்ரோலே. பொறி அதனைப் பற்றவைப்பதோடு சரி. கலவை செவ்வையாகப் பற்றியபின் பெரும்பொறியால் கூடுதல் வலிமை பிறவாது. மாற்றியவுடன் வண்டி துள்ளுகிறதே என்பீர்கள். தேய்ந்த பிளக்கை நீக்கினால் எந்தப் புதுப் பிளக்கும் அவ்வாறே செய்யும்!

ஆகவே, புதிய சாதாரணப் பிளக்குடன் ஒப்பிடுங்கள். ஆள் நடமாட்டமற்ற மேட்டுப் பாதையில், ஒரே கியரில் ஏறும் விநாடிகளை 3 முறை குறியுங்கள். அடுத்து இரிடியம், மீண்டும் சாதாரணப் பிளக். எது பூட்டப்பட்டது என ஓட்டுபவர் அறியலாகாது. அறிந்தால் கை தானே முறுக்கும். ஒரே பிளக்கின் அளவுகளும் தம்முள் சிறிது வேறுபடும். இரிடியத்தின் வேறுபாடு அதனை விஞ்சாவிடில் சம்பளப் பணத்தைச் செலவிட வேண்டா. இரிடியம் முனை மெல்லத் தேய்வதால் நெடுநாள் உழைக்கும் என்பது மட்டும் மெய்.