நீர்ப் பங்கீட்டை உணர்த்தும் விளையாட்டு

சிறுபோகத்திற் குளத்து நீர் குறையும்போது வாய்க்காற் கரையிற் பிணக்குகள் எழுவதுண்டு. தலைப்பக்கத்துக் கமக்காரர் கடைப்பக்கத்தாரின் இடரைக் காண்பதில்லை. கடைப்பக்கத்தார் தலைப்பக்கத்தாரின் அச்சத்தை அறிவதில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதில் இவ்விளையாட்டை ஆடினாற் கூட்டத்திற் பேச்சு எளிதாகும்.

வேண்டியவை: 36 புளியங்கொட்டைகள், 8 சிரட்டைகள், 8 சீட்டுக்கள்.

ஆடும் முறை: எண்மர் வாய்க்காலோரத்து வயல்கள் போல நிரையாக அமர்தல் வேண்டும். இடங்களைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். கொட்டைகளே தண்ணீர். 6 கொட்டை பெற்ற வயல் முழு விளைவு தரும். 4 அல்லது 5 பெற்றது அரை விளைவு தரும். அதனிற் குறைந்தது கருகிவிடும்.

முதலாம் சுற்று: எவரும் பேசலாகாது. கொட்டைகள் தலைப்பக்கத்திலிருந்து கைமாறிச் செல்லும். ஒவ்வொருவரும் விரும்பிய அளவு எடுக்கலாம். முதல் அறுவரும் நிறைய எடுப்பாராயின், கடைசி இருவரின் சிரட்டைகள் வெறுமையாகும்.

இரண்டாம் சுற்று: எல்லோரும் பேசித் தீர்மானித்த பின்னரே கொட்டைகளை எடுத்தல் வேண்டும். சமமாகப் பங்கிடலாம் எனச் சிலர் கூறுவர். தலைக்கு 4 வீதம் பங்கிட்டால் எட்டும் அரை விளைவே. ஆக 4 வயலின் விளைவு. 6 வயல்களை மட்டும் விதைத்து நிறைய நீர் பாய்ச்சினால் 6 வயலின் விளைவு கிடைக்கும். அதனை எண்மரும் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் முக்காற் பங்கு சேரும். நீர் குறைந்த போகத்திற் குளத்துக்கு அண்மையான வயல்களை மட்டும் எல்லோரும் பங்கிட்டுச் செய்யும் ‘பெத்ம’ முறையின் கணக்கும் இதுவே.

மூன்றாம் சுற்று: தலைப்பக்கத்தாரும் கடைப்பக்கத்தாரும் இடம் மாறி அமர்தல் வேண்டும். இச்சுற்றே மிகவும் பயனுடையது. பூட்டானில் லிங்முத்தேச்சு நீரேந்து பகுதியில் லிம்புக்கா என்னும் மேலூருக்கும் தொம்போலா என்னும் கீழூருக்கும் நடவு நீர் பற்றி நெடுநாட் பிணக்கு இருந்தது. 2003 ஆம் ஆண்டில் இரு ஊர்க் கமக்காரரும் இத்தகைய விளையாட்டொன்றில் ஊர் மாறியும் ஆடினர். அம்முயற்சி தொடர்ந்ததன் பயனாக, அப்பகுதி ஊர்களுக்குப் பொதுக் குழு ஒன்று பின்னர் அமைந்தது.

கவனிக்க வேண்டியவை: ஆடும்போது உண்மையான பிணக்குகளையோ ஆட்களின் பெயர்களையோ எடுத்தல் கூடாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விளைவைக் கணக்கிட்டு, வெறுஞ் சிரட்டையுடன் இருந்தவரை முதலிற் பேச விடுதல் வேண்டும். விளையாட்டில் எடுத்த முடிவு எவரையும் கட்டுப்படுத்தாது. தண்ணீர் முறையைத் தீர்மானிக்கும் இடம் பயிர்ச்செய்கைக் கூட்டமே. எனினும், ஒரு முறை கடைப்பக்கத்தில் அமர்ந்து பார்த்தவர் அக்கூட்டத்தில் அயலவரின் குறையைப் பொறுமையுடன் கேட்பார்.