படத்தை அழுத்தினால் நிரல் ஏன் திறப்பதில்லை?

தமிழக அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் கணினியின் முகப்புத் திரையிலுள்ள குறும்படத்தை இருமுறை அழுத்தியும் நிரல் திறக்கவில்லையா? நிரலை நீக்கிவிட அவசரப்பட வேண்டாம்.

அந்தப் படம் நிரல் அன்று. நிரலின் முகவரி எழுதிய சீட்டு. அதை உரைத் திருத்தியில் திறந்தால் சில வரிகளே இருக்கும். 'எக்செக்' எனத் தொடங்குவதே முகவரி வரி. சிதம்பரத்தில் கீழவீதியிலிருந்து மேலவீதிக்குக் குடிபோனவரைப் பழைய முகவரியில் தேடினால் கிடைப்பாரா? நிரலை வேறு கோப்புறைக்கு மாற்றினாலும் அப்படித்தான். கடலூர் என்று மட்டும் எழுதினால் முதுநகரா, புதுநகரா என்ற கேள்வி எழும். எனவே நீங்களே தனிக் கோப்புறையில் வைத்த நிரலுக்கு முழுப் பாதையையும் எழுதுங்கள்.

குறை எங்கே என்று அறிய ஒரு சோதனை. அந்த வரியில் சமக் குறிக்குப் பின் உள்ளதை டெர்மினலில் இட்டு இயக்குங்கள். விழுக்காட்டுக் குறியோடு வரும் எழுத்தை விட்டுவிடுங்கள். 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில் வந்தால் முகவரி தவறு. நிரல் ஓடினால், பெரும்பாலும் சீட்டுக்கு அனுமதி இல்லை என்று பொருள். படத்தின் மேல் வலப் பொத்தானை அழுத்தி, அதன் பண்புகளில் இயக்க அனுமதி தரலாம்.

அனுமதி எதற்கு? கால்குலேட்டர் படத்தை ஒட்டி, உள்ளே கோப்புகளை அழிக்கும் கட்டளையை யாரும் எழுதிவிடலாம். ஆகவே பிறர் தந்த சீட்டாயின், முதலில் எக்செக் வரியைப் படியுங்கள். பிறகு அனுமதி கொடுங்கள்.