பின்னால் வந்தவன் மேல்தான் பழியா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போனில் நீ கொதித்த கொதிப்பில் நான் சொல்ல வந்தது எதுவும் காதில் ஏறவில்லை. அதனால்தான் கடிதம்.

செஞ்சிக் கோட்டை மலைகளான ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போகிற திருவண்ணாமலை ரோட்டில், முன்னால் போன கார் கோட்டையைப் போட்டோ எடுக்கத் திடீரென்று நின்றது. நீ பின்னால் மோதிவிட்டாய். "பின்னாடி வந்தவன் மேலதான் தப்பு, பணத்தை எடு" என்றது கூடிய கூட்டம். "சடன் பிரேக் போட்டவன் மேலதான் தப்பு" என்கிறாய் நீ. யாருக்கும் காயமில்லை, அது பெரிய புண்ணியம். ஆனால் இரண்டு பேச்சும் அரைகுறை.

1989-ல் வந்து 2017 வரை நடைமுறையில் இருந்த சாலை ஒழுங்கு விதிகளில் இரண்டு விதிகள் அடுத்தடுத்து நின்றன. முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றாலும் இடிக்காத அளவுக்குப் பின்னால் வருபவன் இடைவெளி விட வேண்டும் என்பது 23-ஆம் விதி. பாதுகாப்புக்கு அவசியம் என்றால் ஒழிய யாரும் திடீர் பிரேக் போடக்கூடாது என்பது 24-ஆம் விதி. கூட்டம் முதல் விதியை மட்டும் படித்திருக்கிறது, நீ இரண்டாவதை மட்டும்.

முதல் சந்தேகம் பின்னால் வந்தவன் மேல் விழுவது நியாயம்தான். லாரிக்குப் பின்னால் போய் மோதிய ஒரு காரின் வழக்கில், இடையே பத்துப் பதினைந்து அடிதான் இருந்தது என்று சாட்சியத்தில் வந்தது. அது பாதுகாப்பான இடைவெளியே அல்ல என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணக்குப் போட்டுப் பார். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். பதினைந்து அடி என்பது நாலரை மீட்டர், கால் நொடிப் பயணம். உன் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிரேக்குக்குப் போகவே அதைவிட நேரம் பிடிக்கும்.

அதே 2018-ல், பிப்ரவரியில், வேறு மாதிரியும் தீர்ப்பு வந்தது. இரவில் விளக்கில்லாமல் நடுரோட்டில் நின்ற டேங்கர் மேல் ஒரு கார் மோதியது. காரின் மேலும் பழி வைத்திருந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, முழுப் பொறுப்பும் டேங்கர்மேல்தான் என்றது உச்ச நீதிமன்றம். நம்மூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் ஏற்றி வந்து, சிவப்பு விளக்கு எரியாமல் ரோட்டோரம் நிற்கிற டிராக்டர்காரர்களுக்கும் இதை யாராவது படித்துக் காட்டினால் தேவலை.

உன் விஷயத்துக்கு நெருக்கமானது கோவை வழக்கு. 2017 ஜனவரியில் பைக்கில் போன ஒரு இன்ஜினியரிங் மாணவன், திடீரென்று நின்ற காரில் இடித்து விழுந்தான். பின்னால் வந்த பஸ் அவன் இடது காலில் ஏறியது. காலை எடுக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டியதால் நிறுத்தினேன் என்றார் கார் ஓட்டியவர். காரணம் எதுவானாலும் நெடுஞ்சாலையில் சைகை கொடுக்காமல் நிறுத்தியதை ஏற்க முடியாது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதியரசர்கள் சுதான்ஷு துலியா, அரவிந்த் குமார் அமர்வு சொன்னது. கார்மேல் 50 சதவீதம், பஸ்மேல் 30, மாணவன்மேல் 20. இடைவெளி விடாததும் லைசென்ஸ் இல்லாததும் அந்த இருபதுக்குக் காரணம். அதே கார்க்காரரைக் கீழே தீர்ப்பாயம் முழுக்க விடுவித்திருந்தது. உயர் நீதிமன்றம் நாற்பது சதவீதம் போட்டது. ஒரே விபத்துக்கு மூன்று படியில் மூன்று கணக்கு! குமட்டலே போதாது என்றால் போட்டோ எம்மாத்திரம்? ஆனாலும் அந்த மாணவனுக்கு வந்த பங்கு மாதிரி உனக்கும் ஒரு பங்கு வரும். பூஜ்யம் என்று எதிர்பார்க்காதே.

இன்சூரன்ஸ் சர்வேயர் வேலையில் நான் வண்டியைத்தான் முதலில் கேட்பேன், ஓட்டியவனை அப்புறம். பிரேக்கை அழுத்தினால் காரின் மூக்கு தாழும். அப்போது உன் பானெட் முன் காரின் பம்பருக்குக் கீழே நுழைந்திருக்கும். பம்பரோடு பம்பர் நேராக முட்டியிருந்தால், நீ பிரேக்கே பிடிக்கவில்லையோ என்று கேள்வி வரும். முன் காரின் பிரேக் லைட் எரிந்ததா என்பது அடுத்த கேள்வி. அதனால் படம் எடுத்து முடிகிற வரைக்கும் வண்டியை ஒர்க்ஷாப்பில் தட்டவிடாதே. கிட்டப்போய் எடுத்தது, தள்ளி நின்று எடுத்தது, ரோட்டில் டயர் தேய்ந்த தடம், எல்லாம் வேண்டும். பக்கத்துக் கடைகளில் சிசிடிவி இருந்தால் இன்றைக்கே போய்க் கேள். பல இடங்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

ரோட்டில் பணம் கொடுக்காமல் வந்தது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்வதோ பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ பாலிசி நிபந்தனைக்கு விரோதம். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் மறைக்காமல் சொல். உன்னுடையது முழு பாலிசி என்பதால், தப்பு யாருடையதாக இருந்தாலும் உன் வண்டிச் செலவை உன் கம்பெனி பாலிசிப்படி தரும். நோ கிளெய்ம் போனஸ் போகும். அது போகட்டும், பரவாயில்லை.

கிளெய்ம் பாரத்தை நிரப்புமுன் எனக்கு ஒரு பதில் எழுது: முன்னால் போன காருக்கும் உனக்கும் நடுவே எத்தனை அடி இருந்தது? உனக்குச் சாதகமான எண் வேண்டாம், உண்மையான எண் வேண்டும். பாரத்திலும் அதையே போடு.

உன் மாமா,
செஞ்சி.