முகாம் போடுகிறவர்களுக்கு

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பின் ஹைட்டியில் சுமார் 15 லட்சம் பேர் தார்ப்பாய்க்கு அடியில் குடியேறினார்கள். முதல் 150 நாட்களிலேயே முகாம்களில் 250-க்கும் மேற்பட்ட பாலியல் வல்லுறவுகள் பதிவானதாக மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டியின் அறிக்கை சொன்னது. வாய் திறக்காதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. வெள்ளமோ புயலோ, எங்கே முகாம் போட்டாலும் முதல் நாளே பார்க்க வேண்டியவை இவை.

செய்ய வேண்டியவை

• கழிப்பறையிலிருந்து தொடங்குங்கள். 20 பேருக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்கிறது ஸ்ஃபியர் எனும் சர்வதேச நிவாரண அளவுகோல். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். கழிப்பறை வாசலில் விளக்கு எரிந்து, போகும் வழி இருட்டாகக் கிடந்தால் என்ன பயன்? இரவில் போகப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள் பெண்கள்.

• குழாய், கழிப்பறை, கூடாரம் எங்கே வர வேண்டும் என்று பெண்களைத் தனியாகக் கூட்டிக் கேளுங்கள். ஆண்கள் சூழ நிற்கும்போது உண்மை வராது.

• டார்ச்சும் விசிலும் கொடுங்கள். ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் கோஃபாவிவ் இதைச் செய்தது. வல்லுறவுக்கு ஆளான பெண்களே நடத்திய அமைப்பு அது. விசில் கேட்டால் யார் யார் ஓடிவர வேண்டும் என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

• பாதிக்கப்பட்டவரை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடைக்கு 5 நாள் வரை வாய்ப்புண்டு. இந்தியாவில் தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்பது சட்டம்.

செய்யக்கூடாதவை

• உதவ வந்தவர்தானே என்று யாரையும் கண்மூடி நம்பாதீர்கள். ஹைட்டியில் ஆக்ஸ்ஃபாம் எனும் நிவாரண அமைப்பின் ஊழியர்கள் சிலர் காசு கொடுத்துப் பெண்களை அழைத்த விவகாரம் 2018-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. நிவாரண அட்டை முழுவதும் ஓர் ஆள் கையில் இருந்தால், அவர் அதற்கு என்ன விலை கேட்பார் என்று சொல்லத் தேவையில்லை. வழங்கும் இடத்தில் பெண்களும் இருக்கட்டும்.

• முகாமைப் பற்றிய கூட்டத்தை முகாம்வாசிகள் நுழைய முடியாத இடத்தில் நடத்தாதீர்கள். ஹைட்டியில் பல கூட்டங்கள் ஐ.நா. தளத்துக்குள், அந்நாட்டு மக்கள் பேசும் கிரெயோல் அல்லாத மொழிகளில் நடந்தன.

• "அந்நேரத்தில் ஏன் தனியாகப் போனாய்?" என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்காதீர்கள். போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். படம் எடுக்காதீர்கள், முகத்தை மறைத்தாலும் கூடாரத்தை வைத்தே அக்கம்பக்கத்தார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.