நாற்காலி மாறினால் தெரு மாறுமா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியில் (மாவட்டத்தில்) 2025 கணக்கெடுப்பின்படி 72,308 பேருக்கு வீடில்லை. இவர்களுக்காக மாநகரமும் கவுன்டியும் 1993இல் கூட்டாகத் தொடங்கியதுதான் லாஸ் ஏஞ்சலிஸ் வீடற்றோர் சேவை ஆணையம்; சுருக்கமாக 'லாசா'. அதன் தலைவர் 2022இல் விலகினார். 2023இல் புதியவர் வந்தார். 2025இல் அவரும் விலக, இடைக்காலத் தலைவராக கீதா ஓ'நீல் அமர்ந்தார். ஆள் மாறும்போதெல்லாம் எழும் நம்பிக்கைகளும் வசவுகளும் மட்டும் மாறுவதில்லை. அவற்றில் சிலவற்றை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: திறமையான தலைவர் வந்தால் தெருக்கள் காலியாகிவிடும்.

உண்மை: 2023இல் பொறுப்பேற்ற வா லீசியா ஆடம்ஸ் கெல்லம் இந்தத் துறைக்குப் புதியவர் அல்லர். வெனிஸ் பகுதியின் செயின்ட் ஜோசப் சென்டர் என்ற தொண்டு நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர். ஆனால் அவர் அமர்ந்த நாற்காலிக்கு எட்டும் தூரம் குறைவு. அரசுப் பணத்தை வாங்கித் தொண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தமாகப் பிரித்துக் கொடுப்பது, காப்பகங்களை ஒருங்கிணைப்பது, ஆண்டுதோறும் தலைக்கணக்கு எடுப்பது ஆகியவையே லாசாவின் முக்கிய வேலைகள். வாடகைக்கு உச்சவரம்பு வைக்க அதனால் முடியாது. மாநகரின் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தனி வீடுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே அடுக்குமாடி கட்ட விடலாமா என்று முடிவு செய்வது நகர மன்றம். போதாக்குறைக்கு, ஆணையத்தின் பத்து உறுப்பினர்களில் ஐவரைக் கவுன்டியும் ஐவரை மாநகரமும் நியமிக்கின்றன. தலைவர் இரு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: அப்படியானால் அங்கே யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

உண்மை: அதுவும் இல்லை. முந்தைய தலைவர் ஹைடி மார்ஸ்டன் 2022இல் விலகியதற்குப் பின்னணி, அடிமட்ட ஊழியர்களின் ஆண்டுச் சம்பளத்தை 50,000 டாலராக உயர்த்தியதில் எழுந்த மோதல். வீடில்லாதவர்களுக்கு வழிகாட்டும் ஊழியருக்கே வாடகை கட்டுப்படியாகாவிட்டால் அவர் வேறு வேலை தேடிப் போவார். அவரை நம்பியிருந்தவர் மறுபடி முதலிலிருந்து தன் கதையைச் சொல்லத் தொடங்குவார். ஒப்பந்த நிறுவனங்களுக்குக் காலத்தில் பணம் போவதும் தலைமையின் பொறுப்பே. அது தாமதமாவதை 2024 நவம்பரில் கவுன்டியின் தணிக்கை சுட்டிக்காட்டியது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கவுன்டியில் காப்பகத்துக்கு வெளியே தெருவிலும் கூடாரத்திலும் வாகனத்திலும் படுப்போர் 2023இல் 55,155 பேர். 2025இல் 47,413 பேர். இரண்டே ஆண்டில் 14 விழுக்காடு குறைவு. கூடாரங்களிலிருந்து மக்களை ஓட்டல் அறைகளுக்கு மாற்றிய மேயர் கேரன் பாஸின் திட்டமும் இதே காலத்தில் நடந்தது. ஆகவே இந்தப் புகழை ஒரே ஆளின் கணக்கில் எழுத முடியாது.

நம்பிக்கை: கொட்டிய பணத்தையெல்லாம் விழுங்கிவிட்டார்கள்.

உண்மை: நீதிபதி டேவிட் கார்ட்டர் உத்தரவின்பேரில் ஆல்வரெஸ் அண்ட் மார்சல் நிறுவனம் தணிக்கை செய்து, 2025 மார்ச்சில் அறிக்கை தந்தது. மாநகரின் திட்டங்களோடு தொடர்புடைய சுமார் 230 கோடி டாலரை ஆராய்ந்த அந்த அறிக்கை, தரவுகள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன, எந்தப் பணம் எந்தச் சேவையாக மாறியது என்று முழுமையாகத் தொடர முடியவில்லை என்றது. கணக்கு சரியில்லை என்பது வேறு, திருட்டு நிரூபணமானது என்பது வேறு. கணக்கு சரியில்லாததே பெரிய குற்றச்சாட்டுதான். எது பலன் தருகிறது என்று தெரியாமல் அடுத்த ஆண்டுப் பணத்தை எங்கே போடுவது?

நம்பிக்கை: இதமான வெயிலையும் இலவச உதவியையும் தேடி வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள்.

உண்மை: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் அந்த மாநிலத்தின் வீடற்றோரில் சுமார் 3,200 பேரிடம் ஆய்வு நடத்தி 2023இல் வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேர் கடைசியாகக் குடியிருந்த வீட்டை இழந்தது கலிபோர்னியாவுக்குள்தான். நான்கில் மூவர் வீடு இழந்த அதே கவுன்டியில்தான் இன்னும் இருக்கிறார்கள். தெருவுக்கு வருமுன் கடைசி ஆறு மாதங்களில் அவர்கள் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 960 டாலர். லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அறைக்கு முன்பணம் கொடுக்கக்கூட அது போதாது.

நம்பிக்கை: போதைதான் மூல காரணம்.

உண்மை: போதைப்பழக்கம் தெருவில் நிறையவே உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போதை மரண விகிதத்தில் அமெரிக்காவிலேயே முன்வரிசையில் நிற்கும் மேற்கு வர்ஜீனியாவில் வீடற்றோர் விகிதம் கலிபோர்னியாவைவிடப் பல மடங்கு குறைவு. அங்கே வாடகை மலிவு. தடுமாறி விழுபவருக்கும் அங்கே ஓர் அறை கிடைக்கிறது.

நம்பிக்கை: எண்ணிக்கை குறையவில்லையென்றால் எதுவுமே நடக்கவில்லை.

உண்மை: 2020இல் லாசா சொன்ன கணக்கு இது: நாளொன்றுக்குச் சராசரியாக 207 பேர் வீடற்ற நிலையிலிருந்து மீண்டார்கள், அதே நாளில் 227 பேர் புதிதாக வீடிழந்தார்கள். மீண்ட 207 பேருக்குப் பின்னால் உள்ள உழைப்பு, மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது. வீடிழப்பைத் தடுக்க வாடகை உதவியும் வெளியேற்றத்துக்கு எதிரான சட்ட உதவியும் வேண்டும். அவை பெரும்பாலும் லாசாவின் கைக்கு வெளியே இருப்பவை.

இனி என்ன? கவுன்டி மேற்பார்வையாளர் குழு 2025 ஏப்ரலில் லாசாவுக்குத் தந்துவந்த 30 கோடி டாலருக்கு மேற்பட்ட நிதியைத் திரும்பப் பெற்று, தனித்துறை அமைக்க முடிவெடுத்தது. அந்தத் துறை 2026 ஜனவரியில் சாரா மாஹின் தலைமையில் செயல்படத் தொடங்கியது. 2024இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட அரை விழுக்காடு விற்பனை வரி அதற்குத் துணை நிற்கிறது. பணமும் நிர்வாகமும் ஒரே கையில் சேர்வதால் மற்றவரைக் கைகாட்டித் தப்புவது கவுன்டிக்கு இனிச் சுலபமல்ல. கணக்குப் புத்தகம் தெளிவாக இருக்கிறதா, தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் காலத்தில் போகிறதா, மீண்டவர்கள் மறுபடி தெருவுக்கு வராமல் இருக்கிறார்களா என்று புதிய துறைத் தலைவரைத் தாராளமாகக் கேட்கலாம். வாடகை ஏன் இறங்கவில்லை, வீடு ஏன் கட்டப்படவில்லை என்ற கேள்விகளை மட்டும் அவரிடம் கொண்டுபோக வேண்டாம். அவற்றுக்கான விலாசம் நகர மன்றம். அங்கே உட்காருபவர்களைத் தேர்ந்தெடுப்பது, தெருக்கள் காலியாக வேண்டும் என்று கோருகிற அதே வாக்காளர்கள்தான்.