எம்பிராய்டரி மிஷினில் நூல் அறுவதும் ஊசி ஒடிவதும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பல வீடுகளில் இப்போது எம்பிராய்டரி மிஷின் இருக்கிறது. ரவிக்கையின் கை, கழுத்து, குழந்தைகளின் பாவாடை, பள்ளிச் சீருடைச் சின்னம் என்று வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்கும் சகோதரிகள் உண்டு. ஏலத்தோட்டத்தில் வேலை குறையும் மாதங்களில் அந்த வருமானம்தான் கைகொடுக்கிறது. மிஷின் பெரும்பாலும் தவணையில் வாங்கியது. அது ஒரு வாரம் நின்றுபோனால் தவணை நிற்கும். ஓணத்துக்கோ பொங்கலுக்கோ தருவதாக ஒப்புக்கொண்ட துணியும் நிற்கும்.

ஆனைக்கரை என்ற பெயரில் பாலக்காடு மாவட்டத்திலும் ஓர் ஊர் உண்டு. நான் குடியிருப்பது இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டுப் பக்கமுள்ள ஆனைக்கரை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்து, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரயில் பாதையே இல்லாத மாவட்டத்தில் எனக்கு இப்போது கிடைத்திருக்கும் வேலை, அக்கம்பக்கத்து வீடுகளில் தையல் மிஷின் பார்ப்பது. மெக்கானிக் வேண்டுமென்றால் கட்டப்பனைக்கோ கம்பத்துக்கோ சொல்லி அனுப்ப வேண்டும். ஆனால் நான் பார்த்த மிஷின்களில் பெரும்பாலானவற்றில் மிஷினுக்கு ஒரு கேடும் இல்லை. கோளாறு ஊசியில் இருந்தது, அல்லது நூல் கோத்த விதத்தில் இருந்தது. ஆகவே இதை நம் வாசகர்களே சரிசெய்து கொள்ளும்படி எழுதுகிறேன்.

தையல் விழும் விதம்

நுனிக்கு அருகே துளையுள்ள ஊசி, மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று என்ற முறைக்கு அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்றார். ஜப்பானின் ஜனோமி நிறுவனம் 1990-ல் வீட்டு உபயோகத்துக்கான கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷினை வெளியிட்டது. கம்ப்யூட்டர் வந்தும் தையல் விழும் அடிப்படை மாறவில்லை.

ஊசி அடிவரை இறங்கி, சுமார் 2 மில்லிமீட்டர் மேலே ஏறும்போது, அதன் பின்பக்கத்தில் நூல் சிறிய கண்ணியாகப் புடைக்கும். அந்த நொடியில் சுழலும் ஹூக்கின் முனை கண்ணிக்குள் புகுந்து, அதைப் பாபினைச் சுற்றி இழுத்துச் செல்லும். இரு நூல்களும் பின்னிக்கொள்ளும். ஊசி சற்று வளைந்திருந்தாலும், முழுதும் மேலே ஏற்றாமல் திருகியிருந்தாலும், ஹூக்குக்குக் கண்ணி அகப்படாது. தையல் விட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அறுந்த முனையைப் பாருங்கள்

தண்டவாளமோ அச்சோ முறிந்தால், முறிந்த முகத்தை முதலில் பார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நூலுக்கும் அதே விதிதான். அறுந்ததும் உடனே கோத்துவிடாமல் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

முனை பஞ்சுபோல் பிரிந்திருந்தால் நூல் எங்கோ உராய்கிறது. ஊசியின் துளை சிறியதாக இருக்கலாம், தேய்ந்திருக்கலாம், ஊசித் தகட்டின் துளையில் பிசிறு இருக்கலாம். முனை வெட்டியதுபோல் இருந்தால் நூல் இழுபட்டு அறுந்திருக்கிறது. நூல்கண்டின் விளிம்பில் மாட்டியிருக்கலாம், டென்ஷன் அதிகமாக இருக்கலாம்.

துணிக்கு அடியில் நூல் கூடுபோல் சிக்கிக்கொண்டால் எல்லோரும் பாபினைத்தான் குறை சொல்வார்கள். அநேகமாகக் குற்றம் மேல் நூலுடையது. மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் தளர்ந்து கிடக்க, அந்தத் தளர்ச்சி முழுவதும் அடியில் போய்ச் சேர்கிறது. மாறாக, பாபின் நூல் துணியின் மேலே எட்டிப் பார்த்தால், மேல் நூல் மிக இறுக்கம், அல்லது பாபின் நூல் தன் ஸ்பிரிங்குக்குள் போகவில்லை என்று பொருள்.

சோதிக்கும் வரிசை

செலவில்லாததை முதலிலும், மாற்றினால் திரும்பக் கொண்டுவர முடியாததைக் கடைசியிலும் பார்க்க வேண்டும்.

1. மேல் நூலை முழுவதும் எடுத்துவிட்டு, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோத்துவிடுங்கள். பாதம் மேலே இருந்தால்தான் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே விடும். பிறகு பாதத்தை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். கை இறுக்கத்தை உணர வேண்டும்.

2. ஊசியை மாற்றுங்கள். கம்ப்யூட்டர் மிஷின்களில் பெரும்பாலும் ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்க வேண்டும். தடுக்கும் வரை மேலே தள்ளித் திருகை முடுக்குங்கள்.

3. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பாபினை எடுத்து அங்குள்ள பஞ்சைத் தூரிகையால் துடையுங்கள். வாயால் ஊதினால் ஈரமும் பஞ்சும் உள்ளே போகும். பாபினைக் கையேட்டில் காட்டிய திசையில் போடுங்கள்.

4. ஃபிரேமில் துணி தளர்ந்திருக்கிறதா, அடியில் பேக்கிங் பேப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். துணி ஊசியோடு மேலே எழும்பினால் கண்ணி சரியாக விழாது.

5. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஜரிகை நூலுக்கு இது மிகவும் அவசியம்.

6. இவ்வளவுக்கும் பிறகுதான் மேல் டென்ஷன். ஒரு நேரத்தில் ஓர் எண் மட்டும் மாற்றி, பழைய துணியில் தைத்துப் பாருங்கள். நெருக்கமான சாட்டின் தையலின் பின்புறத்தில், நடுவே மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும் இரு ஓரங்களிலும் மேல் நூலும் தெரிந்தால் டென்ஷன் சரி.

பாபின் கேஸின் சின்னத் திருகை எடுத்தவுடனே திருகுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ஒரு சகோதரி மூன்று வாரம் மிஷினை மூடி வைத்திருந்தார். பழகியவர்கள் சொன்னார்களென்று மேல் டென்ஷன், பாபின் திருகு இரண்டையும் பல தடவை திருகியிருந்தார். ஊசி ஒரு நூலிழை அளவு கீழே இறங்கி நின்றதுதான் உண்மையான கோளாறு. அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆயிற்று. திருகிய திருகுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.

ஊசியின் கணக்கு

ஊசி அட்டையில் 75/11 என்று இருக்கும். 75 என்பது 0.75 மில்லிமீட்டர் பருமன், 11 என்பது பழைய எண். சாதாரண 40-ஆம் எண் எம்பிராய்டரி நூலுக்கு 75/11 பொருந்தும். ஜரிகை நூலுக்குப் பெரிய துளையுள்ள 90/14 நல்லது. பனியன் துணிக்கு நுனி உருண்ட ஊசி கேளுங்கள். மலையாளக் கடையில் ஊசிக்கு ‘சூசி’ என்றால் எடுத்துத் தருவார்கள். நூல் அங்கும் நூல்தான்.

சுமார் 8 மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றுவது வழக்கம். நிமிடத்துக்கு 600 தையல் என்றால் அதற்குள் ஊசி 2,88,000 முறை துணியைக் குத்தியிருக்கும். இடையில் சந்தேகம் வந்தால், தட்டைப் பக்கத்தைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி ஒரே சீராக இல்லையென்றால் ஊசி வளைந்திருக்கிறது. நுனியை நைலான் துணியில் இழுத்தால் மாட்டுகிறதா என்றும் பாருங்கள்.

ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுக்காமல் மிஷினை ஓட்டாதீர்கள். ஹூக்குக்குள் கிடக்கும் துண்டு செய்யும் சேதத்துக்குத்தான் உண்மையிலேயே மெக்கானிக் தேவைப்படுவார். குழந்தைகள் தவழும் வீட்டில் காந்தம் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மலைநாட்டின் ஈரம்

தென்மேற்குப் பருவமழையும், அதன்பின் ஐப்பசி மழையும் மூடுபனியும் சேர்ந்து நம் மலையில் பல மாதம் ஈரம்தான். பளபளப்பான ரேயான் நூல் நனைந்தால் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். பாலியெஸ்டர் நூலுக்கு அந்தப் பயமில்லை. ரேயான் கண்டுகளை இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பழைய நூலை ஒரு முழம் இழுத்து, கையால் சுண்டிப் பாருங்கள். எளிதில் அறுந்தால் அதை மிஷினில் போட வேண்டாம். துரு கண்ட ஊசியைத் தேய்த்துப் பயன்படுத்தவும் வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் புது ஊசியோடு தையல் விட்டுப்போனால், ஹூக்கின் நேரம் தவறியிருக்கலாம். அதை வீட்டில் தொடக் கூடாது. மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். என்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் வரிசையாகச் சொல்லுங்கள், அவருடைய வேலையும் உங்கள் கூலியும் குறையும்.

மிஷின் அருகே ஒரு சிறு நோட்டு வைத்து, ஊசி மாற்றிய தேதி, ஊசி எண், நூல், டென்ஷன் எண் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். நன்றாகத் தைக்கும் நாளில் எழுதிய டென்ஷன் எண்தான், தகராறு செய்யும் நாளில் உங்களுக்கு வழிகாட்டும்.